எடைக்கு உட்கார்ந்தோம்

எங்கள் வண்டியில் ஆளுக்கொரு கைப்பிடி இருந்தது. அதை யாரும் பிடிக்கக் கூடாது.

அப்படி எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. புதிதாக ஏறுகிறவள் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கி, தலைக்கு மேல் தொங்கும் அந்தக் கறுப்புப் பிடியைப் பற்றுவாள். வண்டி ஓடிக்கொண்டேயிருக்கும். நடுக்கண்ணாடியில் இரண்டு கண்கள் மட்டும் அவள் பக்கம் திரும்பும்.

“ஏனம்மிணி, எதுக்கு அதையப் புடிச்சுட்டு வர்றே? நான் என்ன உன்னையக் கீழ தள்ளவா போறேன்?”

கை தானாக இறங்கிவிடும். கொஞ்ச நாள் போனால் அவளே அடுத்து வருகிறவளின் முழங்கையை இடிப்பாள்: “எறக்கு, எறக்கு, அக்கா பார்த்துருச்சுன்னா போச்சு.”

டிரைவரக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவருக்குப் பெயர் இருந்தது, எங்களுக்கும் தெரியும்; ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் ரேஷன் கடையில் நிற்கும் யாரோ ஒரு பெண்தான் மனதில் வருகிறார். டிரைவரக்கா என்றால் மட்டுமே அவர் வருகிறார்: சேலைக்கு மேலே, எக்ஸ்போர்ட்டில் கழித்துப் போட்ட முழுக்கை பனியன், நெஞ்சில் எந்த நாட்டு எழுத்தோ, ஸ்டியரிங்கில் மருதாணி காயாத கை மாதிரி மெத்தென்று வைத்த இரண்டு கைகள், நேர்முதுகு. சாய்ந்து உட்கார்ந்து அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை.

பெருமாநல்லூருக்கு வடக்கே, தோட்டங்களும் லைன் வீடுகளும் நிட்டிங் கொட்டகைகளும் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு கிடக்கும் ஊர்களில் எங்களைப் பொறுக்கியெடுத்து, பனியன் கம்பெனி கேட்டில் கொண்டுபோய் விடுகிற வண்டி அது. ஒரு காலத்தில் ஏதோ முதலாளி குடும்பம் குலதெய்வத்துக்குப் போய்வந்த பெரிய கார். உயரமானது, அகலமானது, வெள்ளையாக இருந்தது. பின்னால் எதிரெதிராகப் பெஞ்சு சீட்டு. அதில் நாங்கள் டெய்லர்கள், அவர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடிக்காரர்கள், என்னைப் போலச் செக்கிங் பெண்கள், முழங்கால் முழங்காலோடு கோத்துக்கொண்டு, மடியில் தூக்குப்போசியோடு. போசியில் ரசம் இருக்கும். தளும்பாது. அதுதான் எங்கள் வண்டி.

ரோட்டைப் பற்றிச் சொன்னால்தான் அந்தத் தளும்பாமையின் அருமை புரியும். சாயப்பட்டறைக்குப் போகும் லாரியும், தண்ணீர் லாரியும், நூல் மூட்டை வண்டியும் உழுது வைத்த ரோடு. அக்கா அந்த ரோட்டுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தார். எந்தக் கோடையிலும் தண்ணீர் வற்றாத குழிக்கு ஊட்டி. திருப்பத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டுக்கு அண்ணன் தம்பி. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் அளவில்லாமல் தூக்கிப் போட்ட வேகத்தடைக்கு மாமியா.

“மாமியா வர்றாங்க. மருவாதையாப் போவோம்.”

கியர் இறங்கும். சக்கரம் மேட்டைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்னால் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுவார். வண்டி மூச்சை இழுத்துக்கொள்வது மாதிரி முகத்தைத் தூக்கி, ஏறி, இறங்கி, அந்தப் பக்கம் போய்விட்டிருக்கும். சித்ரா என்று ஒருத்தி, ஓவர்லாக் டெய்லர், தினமும் அண்ணன் தம்பிக்கும் மாமியாளுக்கும் இடையிலேதான் கண்ணுக்கு மை எழுதுவாள். ஒருத்தி பூக் கட்டுவாள். ஓடுகிற வண்டியில் ஊசியில் நூல் கோத்திருக்கிறேன் நான். வேறு வண்டிக்காரர்கள் நம்ப மாட்டார்கள். நம்பாதவர்களிடம் சொல்வதற்கென்றே நாங்கள் டீக்கடையில் கொஞ்சம் அதிக நேரம் நிற்போம்.

பீகாரிலிருந்து ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். கண்ணாடியில் திரும்பிய கண்களும் “ஏனம்மிணி”யும் அவளுக்கு விளங்கவில்லை. பிடித்த பிடியை விடாமல் சிரித்தாள்.  மறுநாள் காலையில் அவள் ஏறி உட்கார்ந்ததும், அக்கா கட்டிங் செக்‌ஷனில் யாரிடமோ கேட்டு மனப்பாடம் பண்ணி வந்ததைச் சொன்னார்:

“ஹாத் நீச்சே, கண்ணு.”

அந்தப் பெண் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா கற்ற இந்தி அவ்வளவுதான். “அதுக்கு மேல எனக்கெதுக்குங்க?” என்பார்.

சிரிக்க முடியாததும் உண்டு. ஒருமுறை பேக்கிங் கான்ட்ராக்டர் ஒருவர் பைக் கெட்டுப்போய் வழியில் கை காட்டினார். அக்கா ஏற்றிக்கொண்டார். முன் சீட்டில் உட்கார்ந்தவர், ஊட்டி வரும்போது நாடகமாக ஒரு கையால் பிடியையும் ஒரு கையால் டேஷ்போர்டையும் பிடித்துக்கொண்டு பின்னால் திரும்பி எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். “பொம்பளை ஓட்டற வண்டி. எதுக்கும் புடிச்சுக்கறது நல்லதுங்க.”

வண்டி ஓரம் கட்டி நின்றது. பக்கத்தில் வீடு இல்லை, கடை இல்லை, சீமைக்கருவேலம் மட்டும். அக்கா இறங்கி, சுற்றி வந்து, அவர் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

“எறங்கிக்குங்க. பூமியப் புடிச்சுட்டு நில்லுங்க. அது ஆடாது.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த ஒறம்பரையிடம் மோர் வேண்டுமா என்று கேட்கிற குரல். அந்த மனிதர் வெயிலில் நடந்துதான் வந்து சேர்ந்தார். அந்த வாரம் முழுக்க எங்கள் பண்டல்களில் இல்லாத குற்றமெல்லாம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது. இந்த அம்மாள் நமக்காகவும் இப்படிக் கதவைத் திறந்துவிடுவாரோ என்று.

ஆனால் முன் சீட்டை எங்களில் யாருக்கும் அவர் சும்மா கொடுப்பதில்லை. அது வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு. இரண்டு பேர் ஒரே சமயத்தில் உண்டாகியிருந்தால் மாதம் அதிகமானவளுக்கு. எங்கள் கம்பெனியில் பிறந்த பிள்ளைகளில் பாதிப்பேர் பிறப்பதற்கு முன்பே ஊட்டியையும் மாமியாளையும் தாண்டியவர்கள்.

முத்துச்செல்வி மறுபடி அந்த சீட்டுக்கு வந்தபோது அதுவரை இல்லாத ஒரு அமைதி வண்டியில் வந்தது. தெற்கே உப்பளத்து ஊர்க்காரி. முந்தி இரண்டு முறை அந்த சீட்டில் உட்கார்ந்து, இரண்டு முறையும் பாதியில் பின்சீட்டுக்குத் திரும்பியவள்.  நகர்ந்து இடம் கொடுத்திருக்கிறோம். மூன்றாவது முறை ஏழாம் மாதம் வரை வந்துவிட்டது. வளையல் போடவா என்று யாராவது வாயெடுத்தால் தலையை ஆட்டிவிடுவாள்.

“பிள்ளை கைக்கு வரட்டும்க்கா. அதுக்கு முந்தி ஒண்ணும் வேண்டாம். சோறு வேண்டாம், வளவி வேண்டாம்.”

“அப்ப ஊட்ல படுத்திருக்க வேண்டியதுதானே கண்ணு?” என்று அக்கா ஒருநாள் கேட்டார்.

“வீட்ல இருந்தா அந்த ரெண்டு நெனப்புந்தான்க்கா ஓடும். மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்காது.”

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் அவளே சொன்னாள். உட்கார்ந்து செய்கிற வேலைதானே, செய்யலாம்; ஆனால் போக வர வண்டி குலுங்கக் கூடாது, குலுங்கினால் வீட்டோடு இரு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

“எதுல போறன்னு கேட்டாவ. டிரைவரக்கா வண்டீன்னு சொன்னேன்.”

“அந்தம்மாளுக்கு என்னையத் தெரியுமா?”

பின்னால் நாங்கள் சிரித்தோம். முத்துச்செல்வி சிரிக்காமல் சொன்னாள்: “தெரியாதுக்கா. அது குலுங்காதுன்னு சொன்னேன். அப்பச் சரி, போன்னுட்டாவ.”

அக்காவின் நேர்முதுகு அன்று இன்னும் ஒரு விரல் நிமிர்ந்தது. பட்டம் கொடுத்து மாலை போட்டிருந்தால்கூட அப்படி நிமிர்ந்திருக்காது.

வண்டிக்கு இதெல்லாம் தெரியுமா. அது தன் வயதைப் பார்த்தது. முதல் தகவல் சித்ராவின் முகத்தில் வந்தது: ஒருநாள் காலை கண்ணில் கிளம்பிய மை காதுவரை போய் நின்றது.

“என்ன சித்ரா, கண்ணுக்கு வால் மொளைச்சுருச்சு?” என்று பின்சீட்டு கொண்டாடியது.

“ரோடு சரியில்லீங்க” என்றார் அக்கா. சிரிக்கவில்லை.

ரோடு எப்போது சரியாக இருந்தது? மாமியாளைத் தாண்டிய பிறகும் வண்டி ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே போனது. பிரேக் போட்டால் மூக்குத் தரையை முட்டப் பார்த்தது. அக்கா குழி தோண்டிய பைப் கம்பெனியைத் திட்டினார். டயரில் காற்று அதிகம் என்றார். மெதுவாகப் போனார், இன்னும் மெதுவாகப் போனார். தன் வண்டிக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லவில்லை. அந்த வாய் அதற்குப் பழகவில்லை.

ஒரு மத்தியானம் கேன்டீன் ஜன்னலிலிருந்து பார்த்தேன். வண்டி நிறுத்தும் இடத்தில் அக்கா தனியாக நின்று, முன்பக்கப் பானெட்டை இரண்டு கையாலும் அழுத்தி விட்டார். நல்ல வண்டியென்றால் ஒருதரம் எழுந்து நின்றுவிட வேண்டும். அது எழுந்தது, இறங்கியது, எழுந்தது, இறங்கியது. காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியிலிருந்து எடுப்பது மாதிரிக் கையை எடுத்துக்கொண்டு, யாரும் பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தார். நான் போசிக்குள் குனிந்துகொண்டேன்.

பிறகு அந்தச் சனிக்கிழமை. முந்தின நாள் மழையில் ஊட்டி அகலமாகியிருந்தது. அதன் ஓரத்தில் புதிதாக வெட்டி மூடாமல் விட்ட பள்ளம் தண்ணீருக்குள் தெரியவில்லை. முன்சக்கரம் விழுந்தது. டங்கென்று இரும்போடு இரும்பு மோதுகிற சத்தம், எங்கள் பல்லுக்குள் கேட்டது. ரசம் கொட்டியது, பூ சிதறியது, அதையெல்லாம் யாரும் பார்க்கவில்லை. முன்சீட்டில் முத்துச்செல்வியின் ஒரு கை வயிற்றில் இருந்தது. இன்னொரு கை மேலே, கைப்பிடியில்.

அக்கா அந்தக் கையைப் பார்த்தார்.

முத்துச்செல்வி சட்டென்று விட்டுவிட்டாள். “தெரியாமப் புடிச்சுட்டேன்க்கா.”

“புடிச்சுக்க கண்ணு” என்றார் அக்கா.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நாங்கள் கேட்டதே இல்லை.  கம்பெனி கேட்டில், துக்க வீட்டுக்குப் போய் இறங்குவது மாதிரி இறங்கினோம்.

அக்கா டீ குடிக்கவில்லை. நேராக டிரான்ஸ்போர்ட் பார்க்கிற சாரிடம் போனார். அவர் மிகவும் பணிவான மனிதர். வேலையை விட்டு நிறுத்தும்போதுகூட நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் நிறுத்துவார்.

“முன்னால ரெண்டு ஷாக் அப்சார்பரும் ரெண்டு ஸ்பிரிங்கும் போயிருச்சுங்க. மாத்தோணும். நாளைக்கு வண்டி வராதுங்க.”

“ஏனுங்கக்கா, ஷிப்மென்ட் நேரமுங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமைன்னாலும் மத்தியானம் வரைக்கும் லைன் ஓடுதுங்க. ஆளுகளைக் கொண்டாந்து உட்டுட்டு, மத்தியானத்துக்கு மேல பாத்துக்குங்க. திங்கக்கிழமை காலைல மட்டும் வண்டி கேட்டுக்கு வந்துரோணுமுங்க. வரலீன்னா, மினி பஸ் ஒண்ணு சொல்லி வெச்சிருக்கறனுங்க. அப்புறம் அதையே ஓட்டிக்கலாமுன்னு முதலாளி சொல்றாருங்க. தப்பா நினைச்சுக்காதீங்க.”

மினி பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து லைன் வீடுகள் வரை கல்லும் சாக்கடையுமாக நடை. முத்துச்செல்விக்கு அதன் அர்த்தம், நான்கு சுவரும் அந்த இரண்டு நினைப்பும். அக்காவுக்கு அதன் அர்த்தம், அவர் பெயர் வைத்த ரோட்டில் இன்னொருவன் ஹாரன் அடித்துக்கொண்டு போவது.

ஞாயிறு மத்தியானம் எல்லாரையும் வீட்டில் இறக்கிவிட்டு, கடைசி ஆளான என்னிடம், “நீங்க பட்டறை வரைக்கும் வர்றீங்களா? பேச்சுத் துணைக்கு” என்றார். அவர் யாரையும் துணைக்குக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. போனேன்.

தங்கராசு மெக்கானிக்கின் பட்டறை ஒரு நிட்டிங் கம்பெனிக்கும் எங்கள் லைன் வீடுகளுக்கும் நடுவில், தகரக் கூரையின் கீழ் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின்கள் சுற்றிச் சுற்றித் துணி பின்னிக்கொண்டிருந்தன. தங்கராசு படுத்து, எழுந்து, கையைத் துடைத்தார்.

“ஷாக்கு ரெண்டும் ஆயிலக் கக்கிருச்சுங்கக்கா. அத மட்டும் மாத்துனாப் போதும். ஸ்பிரிங் இன்னொரு வருசம் ஓடுமுங்க.”

“ஓடுமுங்களா, தாங்குமுங்களா?”

“ஓடுமுங்க.”

“நான் கேட்டது அதில்லீங்களே.”

தங்கராசு சிரித்துவிட்டார். “செரி, ரெண்டையும் கழட்டுவோம். உங்களோட பேசி செயிக்க எனக்கு வயசு பத்தாது.”

ஜாக்கி வைத்து முன்பக்கம் தூக்கி, கட்டை கொடுத்து, சக்கரங்களைக் கழற்றினார்கள். கார்கள் கம்பீரமாகத் தெரிவது சக்கரம் இருக்கும்வரைதான். ஸ்பிரிங் சுருளை இறுக்கிப் பிடிக்கும் நீளத் திருகாணியை மாட்டும்போது தங்கராசு எங்களை விரட்டினார்: “நேரா நிக்காதீங்க. அமுக்குன ஸ்பிரிங் துப்பாக்கி மாதிரிங்க.” நான் சுவருக்குப் பின்னால் போனேன். அக்கா ஒரு அடி தள்ளி நின்றார், அந்த ஒரு அடியையும் தங்கராசுக்காக நின்றார். வெளியே வந்த பழைய சுருளையும் கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய புதுச் சுருளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். பழையது நான்கு விரல் குட்டை. அக்கா அதைக் குனிந்து தொட்டார். வருடக்கணக்காக எங்களைத் தாங்கித் தாங்கிக் குறுகிய உயரம் அது. எங்கள் எடையெல்லாம் அந்த நான்கு விரலுக்குள் இருந்தது.

“பொழுது எறங்குதுங்க தங்கராசு. வெரசாப் பாருங்க” என்று அக்கா நிமிடத்துக்கொரு தரம் சொன்னார். அவரே ஸ்பேனரைப் பிடித்தார், போல்ட்டை எடுத்துக் கொடுத்தார், விளக்கைக் காட்டினார். ஒருவழியாக மாட்டி, முறுக்கி, சக்கரம் போட்டு, கீழே இறக்கினார்கள்.

வண்டி கொக்கு மாதிரி நின்றது. மூக்கை வானத்துக்குக் காட்டிக்கொண்டு.

“புதுசுங்க, அப்படித்தான் இருக்கும்” என்றார் தங்கராசு, கொஞ்சம் சந்தேகமாக. அக்கா ஏறி மாமியா வரை போய்த் திரும்பினார். நானும் இருந்தேன். வெறும் கட்டை வண்டி. ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பைத் தட்டிப் பெயர் கேட்டது. பட்டறைக்குள் வந்து எஞ்சினை நிறுத்தியவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தார்.

“தங்கராசு, இதுக்குப் பழசே தேவலீங்க.”

தங்கராசு அடியில் படுத்தார்.  பிறகு உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொள்கிற சத்தம்.

“அக்கா, பெரிய தப்புப் பண்ணிட்டனுங்க. சக்கரம் அந்தரத்துல தொங்கறப்பவே அதத் தாங்கற ஆர்ம் போல்ட்டை முறுக்கிப்போட்டேன். உள்ள ரப்பர் இருக்குதில்லீங்களா, அது தொங்கற நெலையிலயே புடிச்சுக்கிச்சு. இப்ப எடை வந்ததும் முறுக்கிக்கிட்டு வண்டிய மேல தள்ளுது. தரையில நிக்க வெச்சு, லூஸ் பண்ணி, மறுபடி முறுக்கோணும்.”

“நான்தானுங்க வெரசா வெரசான்னு உசுரை எடுத்தேன்” என்றார் அக்கா. தப்பு யாருடையது என்று இருவரும் மாறி மாறி எடுத்துக்கொண்டார்கள். பிறகு அக்கா கேட்டார்:

“வெறும் வண்டியாவா முறுக்குவீங்க?”

“எல்லாரும் வெறும் வண்டிலதானுங்க முறுக்குவாங்க.”

“என்ற வண்டி எப்பங்க வெறுசா ஓடுச்சு?”

“அப்ப ரெண்டு மணல் மூட்டை போட்டுக்கலாமுங்க.”

“மணலா? மணல் எந்தக் கம்பெனிக்குங்க வேலைக்குப் போகுது?”

போனை எடுத்தார். ஒவ்வொருத்தியாக. “பொறப்பட்டுப் பட்டறைக்கு வாங்க. வந்து உக்காரோணும், அவ்ளோதான். தினமும் கொண்டார மாதிரி போசியும் கொண்டாங்க. அதுவும் எடைதானுங்களே.”

வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கோலத்தில், நைட்டிக்கு மேல் துண்டு போட்டவள், தலையில் எண்ணெய் வைத்துக் குளிக்காமல் வந்தவள், பீகார்ப் பெண் இரண்டு தோழிகளோடு. அவரவர் இடத்தில் ஏறி முழங்கால் கோத்தார்கள். தங்கராசு சுற்றி வந்து பார்த்து, “இதென்னுங்க, மாப்பிள்ளை அழைப்புக்குப் போறாப்பல?” என்றார். “மாப்பிள்ளை நீங்கதான், படுங்க கீழ” என்றாள் சித்ரா.

முன்சீட்டு காலியாக இருந்தது. அக்கா கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, பின்னால் இருந்த லைன் வீட்டுக்குத் தானே நடந்து போய், முத்துச்செல்வியை அவள் நடை வேகத்திலேயே கூட்டிக்கொண்டு வந்தார். தங்கராசு தயங்கினார்.

“இவளுக்காகத்தானுங்க முறுக்கறதே” என்றார் அக்கா. “இவ எடை இல்லாம எப்படிங்க?”

இன்னும் ஒரு இடம். டிரைவர் சீட்டு. அவரும் ஸ்பேனரோடு கீழே படுக்கப் போகிறார் என்றால் அதில் யார்? அக்கா எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம், “நீங்க உக்காருங்கம்மிணி. எதையும் தொடாதீங்க” என்றார். அவரைத் தவிர யாரும் உட்கார்ந்திராத அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது எனக்கு. முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது.

சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் அடியில் போனார்கள். எங்கள் காலுக்குக் கீழே, தகரத்துக்கு அந்தப் பக்கம், அவர்கள் மூச்சு கேட்டது. போல்ட் தளர்ந்ததும் வண்டி பெருமூச்சு விட்டு அமர்ந்தது. கொக்கு இல்லை இப்போது. முட்டையில் உட்காரும் கோழி.

“சிரிக்காதீங்க புள்ளைகளா, ஆடுது!” என்று தரையிலிருந்து குரல். அதற்கும் சிரித்தோம்.

சித்ராதான் முதலில் போசியைத் திறந்தாள். எலுமிச்சைச் சாதம். பக்கத்தில் இருந்தவளுடையது புளிச்சாதம். எதிரில் தேங்காய்ச் சாதம், தக்காளிச் சாதம், மாதுளை உதிர்த்த தயிர்ச்சாதம். பீகார்ப் பெண்ணின் டப்பாவில் ஏதோ இனிப்பு. வேலை நாளில் யாரும் இப்படிக் கொண்டுவருவதில்லை. எங்கள் பக்கத்தில் மாதம் ஏறியவளுக்குத் தாய் வீட்டார் இப்படித்தான் வகைவகையாகக் கிளறி, கட்டி எடுத்து வந்து பரிமாறுவார்கள். அதற்குக் கட்டுச்சோறு என்று பெயர். அந்தப் பெயரை வண்டிக்குள் யாரும் சொல்லவில்லை.

முத்துச்செல்வி திரும்பி ஒவ்வொரு போசியாகப் பார்த்தாள். முகம் மாறியது. “நான்தான் ஒண்ணும் வேண்டாம்னு சொன்னேம்லாக்கா.”

“அய்யோ, இது எடைக்குக் கொண்டாந்ததுடி” என்றாள் சித்ரா. “ஆனா பின்னால இருந்தா பின்னாலதானே எடை? உன்ற வயித்துல இருந்தா முன்பக்கம் கூடுமில்ல.”

கீழேயிருந்து அக்கா: “மேல என்ன பேச்சு? முன்னால இன்னும் எடை பத்தலீங்கறாரு தங்கராசு.”

“நான் ஒண்ணும் சொல்லலீங்களே” என்று தங்கராசு முனகியது எங்களுக்கு நன்றாகவே கேட்டது.

முத்துச்செல்வி சாப்பிட்டாள். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி. அவள் விழுங்க விழுங்க, கீழே ஸ்பேனர் ஒரு சுற்று இறுகியது. அந்த இறுக்கம் சீட்டு வழியாக எங்கள் எல்லார் உடம்பிலும் ஏறியது. நாங்கள் எத்தனை கனம் என்று ஒரு இரும்பு கவனமாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிற மாதிரி. எங்களை யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. எங்கள் கையைக் கேட்டிருக்கிறார்கள், வேகத்தைக் கேட்டிருக்கிறார்கள்.

போசி கொண்டுவரச் சொன்னது இதற்காகத்தானா என்று அக்காவிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரோடு சரியில்லை என்கிற மாதிரி ஏதாவது சொல்லியிருப்பார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் செய்திகள்தான். முத்துச்செல்விக்குப் பெண் பிறந்தாள், பள்ளிக்கூடம் போகிறாள், வாய் ஓயாதவள். அக்கா பிறகு உடுமலைப் பக்கம் மகள் ஊருக்குப் போய்விட்டார்; அங்கே தென்னந்தோப்புக்கு ஆள் ஏற்றுகிறார் என்று கேள்வி. அந்தப் பக்கத்து ரோட்டோரக் காற்றாலைகளுக்கு என்னென்ன பெயர் வைத்திருக்கிறாரோ. ஆனால் அவரை யாருக்காவது சொல்ல வேண்டுமென்றால் நான் அந்தத் திங்கட்கிழமைக் காலையைத்தான் சொல்கிறேன்.

வண்டி மாமியாளின் மேல் ஏறியது, இறங்கியது, அவ்வளவுதான். ஆமாம் ஆமாம் இல்லை. ஊட்டியின் ஓரத்தில் தண்ணீரை எழுப்பாமல் போனது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்; வாய்விட்டுச் சொன்னால் கண்பட்டுவிடும் என்பது போல யாரும் சொல்லவில்லை. மெயின் ரோட்டில் ஏறியபோதுதான் கவனித்தேன். முத்துச்செல்வியின் தலை ஜன்னல் பக்கமாகச் சரிந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. இரண்டு கைகளும் மடியில், உள்ளங்கை மேலே தெரிய, எதையும் காவல் காக்காமல் கிடந்தன. தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் அசந்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

கம்பெனி கேட் தெரிந்தது. டிரான்ஸ்போர்ட் சார் போனைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் மினி பஸ், எஞ்சின் ஓடியபடி. எங்களைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். உள்ளே வேலை தொடங்குகிற சங்கு ஊதியது.

நிறுத்தினால் போதும். அக்கா ஜெயித்துவிடுவார்.

அவர் சாரைப் பார்த்தார். பக்கத்தில் தூங்குகிறவளைப் பார்த்தார். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, கண்ணாடி வழியாகச் சாருக்குத் தெரியும்படி, விரலை உதட்டின் மேல் வைத்தார். அதே வேகத்தில், பிரேக்கைத் தொடாமல், கேட்டைத் தாண்டி வண்டி போனது. சார் இரண்டடி ஓடி வந்து நின்றது பின் கண்ணாடியில் சிறிதாகிக்கொண்டே போயிற்று.

என் போன் அதிர்ந்தது. சார்தான்.

“ஏனுங்க, எங்கீங்க போறீங்க? கேட்டு இங்கதானுங்களே இருக்குது?”

நான் நடுக்கண்ணாடியைப் பார்த்தேன். அந்தக் கண்கள் என்னைப் பார்த்தன.

“புள்ள தூங்கறான்னு சொல்லுங்க” என்றார், எனக்கே சரியாகக் கேட்காத குரலில். “ஒரு சுத்து சுத்திட்டு வர்றோமுன்னு சொல்லுங்க.”

சொன்னேன். அந்தப் பக்கம் மினி பஸ்ஸின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

“செரீங்க” என்றார் சார். “மெதுவா வாங்க. மினி பஸ்காரரப் போகச் சொல்லிர்றனுங்க.”

அவரும் ஏனோ குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார்.